பனியுகத்தில் கடல் எவ்வளவு குளிர்ந்தது: கொழுந்துத் தராசை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறை

"சேர், இருபதாயிரம் வருடங்களுக்கு முன்னர் கடலுக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தது யார்?"

தரம் 10 பிள்ளை ஒருத்தி கேட்டாள். எங்கள் பாடசாலை தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேட்டில் இருக்கிறது. அந்த வகுப்பில் பாதிப் பேர் அதுவரை கடலையே பார்த்ததில்லை. "விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அது பதிலே இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. பிறகு நானே தேடிப் படித்து, எங்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் பொருட்களைக் கொண்டு அதைச் சொல்லிக்கொடுக்கப் பழகினேன். இப்போது மூன்று பாடவேளைகளில் முடிக்கிறேன். வேறு ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் பயன்படும் என்று அந்த முறையை எழுதுகிறேன்.

வேண்டியவை: ஒரு சுண்டு அரிசி, ஒரு பயறு, சுளகு ஒன்று, கொஞ்சம் நெல், ஒரு பிடி டஸ்ட் ரகத் தேயிலைத்தூள், மெல்லிய சித்திரத் தூரிகை, உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், ஒரு போத்தல் நல்லெண்ணெய். ஆய்வுகூடம் தேவையில்லை. பனிக்கட்டியும் தேவையில்லை. முதல் வருடம் பனிக்கட்டி இல்லாமல் பனியுகமா என்று நினைத்து, நகரத்துக் கடையில் வாங்கி ரெஜிபோம் பெட்டியில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தோட்டத்து ரோட்டின் கடைசி வளைவில் என் காற்சட்டைதான் நனைந்திருந்தது.

முதலில் பாகை என்றால் என்ன என்பதை உடம்புக்கு உணர்த்துங்கள். "வெப்பவலயக் கடல் 2 முதல் 3 பாகை குளிர்ந்தது" என்று எடுத்த எடுப்பில் சொன்னால் பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குவார்கள். கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 27 பாகை செல்சியஸ். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 16. ஆகவே 170 மீற்றர் ஏறினால் ஒரு பாகை குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஹட்டன் ரயில் நிலையம் 1,262 மீற்றர், நானுஓயா 1,613 மீற்றர். நடுவில் இரண்டு பாகை. ஹட்டனில் மடியில் கிடந்த ஸ்வெட்டர் நானுஓயா வரும்போது உடம்புக்கு ஏறிவிடுகிறது. அந்த வித்தியாசம் ஒரு நாளைக்கு மட்டுமல்ல, ஆயிரக்கணக்கான வருடங்களுக்குக் கடல் முழுவதிலும் இருந்தது என்று சொல்லுங்கள். உதடு நேராகிவிடும்.

அடுத்து, தலையில் இருக்கும் படத்தை அழிக்க வேண்டும். பனியுகம் என்றதும் பிள்ளைகள் உலகம் முழுவதும் ஐஸ்கிறீம் பெட்டிபோல உறைந்து கிடந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் வகுப்பில் அப்படித்தான் உளறினேன். பனி குவிந்தது பெரும்பாலும் வட அமெரிக்காவின் வடபகுதியிலும் ஸ்கண்டிநேவியாவை ஒட்டிய ஐரோப்பாவிலும். அங்கே அது கிலோமீற்றர் கணக்கில் தடித்திருந்தது. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தது சுமார் 21,000 வருடங்களுக்கு முன்னர். "பீதுருதாலகாலையில் பனிக்கட்டி இருந்ததா, சேர்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இல்லை. 2,524 மீற்றர் அதற்குப் போதாது.

அவ்வளவு பனியும் கடலிலிருந்து போன தண்ணீர்தான். அதனால் கடல்மட்டம் 120 மீற்றருக்கும் மேல் கீழே இறங்கியிருந்தது. பாக்கு நீரிணையின் ஆழம் சில பாகம் மட்டுமே என்பதால், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவில் அப்போது தரைதான். நம் பூட்டன்மார் கோப்பிக் காலத்தில் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்தார்கள். இருபதாயிரம் வருடங்கள் முந்தி வந்திருந்தால் தோணிக் கூலியாவது மிச்சம். இந்த 120 மீற்றரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். வெப்பமானி வைத்தது போராமினிபெரா என்ற ஒற்றைக்கல உயிர்கள். சில கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழ்பவை, சில அடிச்சேற்றில் வாழ்பவை. இவை தண்ணீரில் கரைந்திருப்பதை எடுத்துக் கல்சியம் காபனேற்றால் தமக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. இறந்ததும் ஓடு அடியில் விழுந்து சேற்றில் புதைகிறது. ஆழ்கடலில் ஆயிரம் வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் சேறுதான் சேரும். எனவே ஒரு நீண்ட குழாயை இறக்கிச் சேற்றைத் தூண் போல எடுத்தால், கீழே போகப் போகப் பழைய காலம்.

ஓட்டின் அளவைக் காட்டத் தேயிலைத்தூளை எடுங்கள். ஒரு சிட்டிகை டஸ்டை வெள்ளைத் தாளில் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் ஒரே வடிவமுள்ள முப்பது துணிக்கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து வேறு தாளில் வைக்கச் சொல்லுங்கள். பத்தாவது துணிக்கையில் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். பதினைந்தாவதில் ஒருவன் தும்முவான், எல்லாம் போய்விடும். கடலாய்வுக்காரர்கள் சேற்றைச் சல்லடையில் கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழ் நாள் முழுவதும் செய்வது இதே வேலைதான். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூளைச் சலித்து ரகம் பிரிக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு இதில் கை சுலபமாகப் பழகுகிறது.

ஓட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது? அதற்கு அரிசி. பத்துப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஐம்பது அரிசி எண்ணச் சொல்லி, 500 சேர்ந்ததும் ஒரு பயற்றைப் போடுங்கள். ஒட்சிசன் அணுக்களில் பெரும்பாலானவை திணிவெண் 16 உடையவை. ஏறக்குறைய 500க்கு ஒன்று திணிவெண் 18 உடைய பாரமான சமதானி, அதாவது அதே ஒட்சிசனின் பாரம் கூடிய அணு. அரிசி 16, பயறு 18. ஓட்டின் காபனேற்றிலும் இந்த இரண்டும் உண்டு. தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஓட்டுக்குள் பாரமான ஒட்சிசன் சற்றுக் கூடுதலாகப் போகும். ஒரு பாகை குளிர்ந்தால் ஆயிரத்துக்கு 0.22 என்ற அளவில் கூடும். இந்த வழியை 1940களின் பிற்பகுதியில் சிக்காகோவில் திறந்துவிட்டவர் ஹரோல்ட் யூரி என்ற இரசாயனவியலாளர். இன்று அதைத் திணிவு நிறமாலைமானியில், அதாவது அணுக்களைப் பாரத்தின்படி பிரித்து அளக்கும் கருவியில், அளக்கிறார்கள். எவ்வளவு நுணுக்கமான அளவு என்று காட்ட நான் சொல்லும் கணக்கு: பத்துக் கிலோ அரிசியில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் மணி இருக்கும். அதில் 1,000 பயறு கலந்திருக்கட்டும். இன்றைக்கும் பனியுகத்துக்கும் உள்ள வித்தியாசம், அந்த 1,000 பயறு 1,001.7 ஆவதுதான். ஒரு பயறும் முக்காலும்கூட இல்லை!

இத்தனையும் ஒரு பாடவேளை. இரண்டாவது பாடவேளைதான் முக்கியம். இங்கே அவசரப்படாதீர்கள்.

சுளகை எடுத்து, நெல்லையும் பதரையும் கலந்து வாசலில் புடையுங்கள். இலேசானது பறக்கிறது, பாரமானது சுளகிலேயே நிற்கிறது. கடலும் அப்படித்தான். ஆவியாகும்போது இலேசான ஒட்சிசன் உள்ள தண்ணீர் எளிதாக மேலே போகிறது. அந்த ஈரப்பதன் துருவத்தை நோக்கிப் போகும் வழியெல்லாம் பாரமானது முதலில் மழையாக இறங்கிவிடும். ஆகவே பனிப்பாளத்தில் போய்ச் சேர்வது மிகவும் இலேசான தண்ணீர். வழக்கமான காலத்தில் அது உருகி ஆறாகிக் கடலுக்குத் திரும்பிவிடும், கணக்கு சரி. பனியுகத்தில் திரும்பவில்லை. தரையிலேயே கட்டியாக நின்றுவிட்டது. கடலில் மீந்தது பாரமான தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஓடு கட்டிய உயிரின் ஓடும், கடல் ஒரு பாகைகூடக் குளிராமல் இருந்தாலும், பாரமாகத்தான் இருக்கும்.

சிக்கல் புரிகிறதா? ஓடு பாரமாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று கடலின் குளிர், மற்றது தரையில் குவிந்த பனி. தராசு இரண்டையும் சேர்த்துத்தான் காட்டுகிறது.

இந்த இடத்தில் நான் என் அம்மாவைப் பற்றிச் சொல்வேன். அவர் கொழுந்து பறித்தவர். மழை நாளில் மூட்டையைத் தராசில் தூக்கினால் 22 கிலோ காட்டும். கணக்கப்பிள்ளை சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு மூன்று என்று கழித்து 18 எழுதுவார். இலையில் தண்ணீர் ஒட்டியிருப்பது உண்மை, கழிப்பதிலும் நியாயம் இருக்கிறது. கழிக்க வேண்டியது மூன்றா ஒன்றா என்பதுதான் வழக்கு. நல்ல வெயில் அடித்த நாளிலும் தண்ணீருக்குக் கழித்து, அம்மாவுக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் இந்தக் கதைக்கு விளக்கம் தேவைப்படாது. அவரவர் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

அதே வழக்குத்தான் கடல் விஞ்ஞானத்திலும் நடந்தது. 1955இல் சேசரே எமிலியானி என்பவர் கரிபியன் முதலிய கடல்களின் சேற்றுத் தூண்களிலிருந்து மேற்பரப்பு உயிர்களின் ஓடுகளை அளந்து வெளியிட்டார். வித்தியாசம், வட்டமாகச் சொன்னால், ஆயிரத்துக்கு 1.7. பனிக்காக அவர் கழித்தது 0.4 மட்டுமே. பிள்ளைகளைக் கொப்பியில் போடச் சொல்லுங்கள்:

1.7 − 0.4 = 1.3
1.3 ÷ 0.22 = ஏறக்குறைய 6 பாகை

ஹட்டனிலிருந்து நானுஓயா இரண்டு பாகை என்று பார்த்தோம். இது அதைப்போல மூன்று மடங்கு. வெப்பவலயக் கடலுக்கு இது பெரிய சரிவு.

1967இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக்கொலஸ் ஷக்கிள்ட்டன் இதை மறுத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதைத் தரம் 10 பிள்ளையும் செய்யலாம். அவர் அடிச்சேற்றில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளைப் பார்த்தார். அவற்றிலும் ஏறக்குறைய அதே அளவு வித்தியாசம்! இப்போது வகுப்பைக் கேளுங்கள்: ஆழ்கடலின் அடித்தண்ணீர் இன்றைக்கே 2 பாகை அளவில்தான் இருக்கிறது. கடல்நீர் உறைவது மறை 1.9 (−1.9) பாகையில். அடித்தண்ணீர் இன்னும் 6 பாகை குளிர்ந்திருக்க முடியுமா?

சற்றுப் பொறுங்கள், விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பின்வரிசையிலிருந்து யாராவது "கட்டியாகப் போயிருக்குமே, சேர்" என்பார்கள். அவ்வளவுதான். குளிர இடமில்லாத தண்ணீரிலும் அதே வித்தியாசம் இருந்தால், மாறியது பெரும்பாலும் தண்ணீரின் பாரம்தான். எமிலியானி கழித்தது போதாது. அம்மாவுக்குக் கழிப்பு கூடிப்போனது, எமிலியானிக்குக் குறைந்துபோனது.

எவ்வளவுதான் கழிப்பது? போன வருடம் ஒரு பையன் எழுந்து, "கழிப்பு இவ்வளவு என்று யார் சொன்னது, சேர்? தராசு யாருடையது?" என்று கேட்டான். தகப்பன் தொழிற்சங்கத் தலைவராக இருக்க வேண்டும். கேள்வி சரியானது. இரண்டு வழிகளில் பதில் சொல்லலாம். முதலாவது கணக்கு. கரும்பலகை ஓரத்தில் இருக்கும் 120 மீற்றரை எடுங்கள். கடலின் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீற்றர். எனவே நூறு பங்கு கடலில் மூன்று பங்குக்குச் சற்று மேல் பனியாகப் போயிருக்கிறது. அந்தப் பனி கடல்நீரைவிட ஆயிரத்துக்கு 30 முதல் 35 வரை இலேசானது. போன இலேசை மீந்த கடலுக்குப் பங்கிட்டால் 1.0க்குப் பக்கத்தில் வரும். இரண்டாவது வழி, தண்ணீரையே நிறுப்பது. சேற்றின் நுண்துளைகளில் அந்தக் காலத்துக் கடல்நீரின் தடயம் இன்னும் சிக்கியிருக்கிறது. அதைப் பிழிந்து அளந்தார்கள். அங்கும் 1.0தான் வந்தது. இலையை உதறி, விழுந்த தண்ணீரைத் தனியே நிறுத்தது போல. அம்மாவின் காலத்தில் இப்படி ஒரு வசதி இருந்திருந்தால்!

1.7 − 1.0 = 0.7
0.7 ÷ 0.22 = 3 பாகையும் சொச்சமும்

இது ஒரு கடலின், ஓர் இடத்தின் கணக்கு. உலகத்துக்கே இதுதான் என்று பிள்ளைகள் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பாடவேளையில் வேறு சாட்சிகள். தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் மேசையில் வையுங்கள். எங்கள் ஊரில் விளக்கம் சொல்லத் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் எப்போதும் வெள்ளைக் கட்டி, வெயிலில் வைத்தால்தான் இறங்கும். நல்லெண்ணெய் பனிக்காலத்திலும் ஓடும். அதன் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் கூடுதல். கடலில் மிதக்கும் ஒருவகை நுண்பாசி, எமிலியானியின் பெயரையே ஒரு பாதியாகத் தாங்கிய எமிலியானியா ஹக்ஸ்லேயி, நீண்ட கொழுப்புப் பொருள் ஒன்றைச் செய்கிறது. தண்ணீர் குளிர்ந்தால் அதில் இரட்டைப் பிணைப்புகள் கூடிய வகையை அதிகமாகச் செய்யும். அந்தப் பொருள் சேற்றில் அழியாமல் கிடக்கிறது. இரண்டு வகைகளின் விகிதத்தைப் பார்த்தால் வெப்பநிலை கிடைக்கும், இதில் பனிக்குக் கழிக்கும் தலைவலியே இல்லை. அதே போராமினிபெரா ஓட்டில் கல்சியத்துக்குப் பதிலாக ஏறும் மகனீசியமும் ஒரு சாட்சி. ஒரு பாகை சூடு கூடினால் அது 9 வீதம் அளவில் கூடுகிறது. ஒரே ஓட்டில் மகனீசியத்தை அளந்து வெப்பநிலையை எடுத்து, ஒட்சிசன் கணக்கில் அதைக் கழித்தால் தண்ணீரின் பாரம் தனியே நிற்கும். தராசை மறுபக்கத்திலிருந்து பார்ப்பது போல.

இன்னொரு சாட்சி கடலில் இல்லை, அந்தாட்டிக் பனியில் இருக்கிறது. சோடாப் போத்தல் குளிராக இருந்தால் வாயு அடங்கியிருக்கும், சூடானால் பொங்கும். குளிர்ந்த கடல் கிரிப்டன், செனன் போன்ற வாயுக்களை அதிகமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும், காற்றில் அவை குறையும். பனிக்குள் அகப்பட்ட பழைய காற்றுக் குமிழிகளில் அவற்றை அளந்து 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, மேலிருந்து அடிவரை கடல் முழுவதும் சேர்த்த சராசரி இன்றையதைவிட ஏறக்குறைய 2.6 பாகை குறைவு. எனக்கு எல்லாவற்றிலும் வியப்பான எண் இதுதான். ஒரு கேத்தல் தண்ணீரை 2.6 பாகை மாற்றுவது வேறு, கடலையே மாற்றுவது வேறு.

பிறகு உலகப் படத்தை எடுத்து நிறம் தீட்டச் சொல்லுங்கள். ஒரே நீலத்தை எல்லா இடத்திலும் பூச விடாதீர்கள். வட அத்திலாந்திக்கில் சில இடங்களில் மேற்பரப்பு 10 பாகைவரை குளிர்ந்தது, அங்கே கரும் நீலம். நம் பக்கத்து இந்து சமுத்திரம் 2 முதல் 3 பாகை, இளநீலம். அடிக்கடலை ஓரத்தில் தனியாக வரையலாம்: எல்லாச் சமுத்திரங்களிலும் ஆழ்நீர் உறைநிலையை நெருங்கியிருந்தது, அதிலும் தென் சமுத்திரத்தின் அடிநீர்தான் அதிக உப்பு.

இதிலும் ஒரு சண்டை உண்டு, மலைநாட்டுக்காரன் என்ற முறையில் அதைச் சொல்லாமல் விடமாட்டேன். கிளைமாப் என்ற திட்டம் 1976இல் பனியுகக் கடலின் முதல் பெரிய படத்தை வெளியிட்டது. சேற்றில் எந்த இன உயிர்கள் எவ்வளவு இருந்தன என்று எண்ணி, வெப்பவலயக் கடல் பெரும்பாலும் 2 பாகைக்குள்தான் குளிர்ந்தது என்றார்கள். ஆனால் வெப்பவலயத்து உயர்ந்த மலைகளில் நிலைப்பனியின் எல்லை 900 மீற்றர் அளவு கீழே இறங்கியிருந்தது. மேலே நாம் போட்ட 170 மீற்றர் கணக்கை வைத்துப் பார்த்தால் 5 பாகைக்கும் மேல் வரும். கடல் ஒன்று சொல்கிறது, மலை ஒன்று சொல்கிறது. பல வருடங்கள் இழுபட்டது. காற்றில் ஈரம் குறைந்தால் மலையேற ஏறக் குளிர் இன்னும் வேகமாகக் கூடும் என்பதால், மலை கடலைவிட அதிகம் குளிர்ந்திருக்க நியாயம் உண்டு. ஆனாலும் பின்னர் வந்த அளவுகள் கடலின் பக்கத்து எண்ணையும் கூட்டத்தான் வைத்தன. மலை சொன்னது முழுவதும் சரியல்ல, ஆனால் கடல்காரர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

நம் ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணும் சாட்சி சொல்கிறது. 24,000 வருடங்களின் மகரந்தம் அதில் அடுக்கடுக்காக இருக்கிறது. பனியுக உச்சத்தில் அங்கே வறட்சி. கடல் குளிர்ந்தால் ஆவியாவது குறைவு, தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காற்றும் தளர்ந்திருந்தது. வைகாசி, ஆனி மாத மழையில் நனைந்துகொண்டு பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் பொறாமைப்படுவார்கள்.

கடைசியாக வரைபு. காலத்தைக் கிடையாகவும் ஒட்சிசன் அளவை நிலைக்குத்தாகவும் போட்டு வரையச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இந்தத் துறையில் நிலைக்குத்து அச்சைத் தலைகீழாகப் போடுவது வழக்கம், எண் கூடக்கூடக் கீழே இறங்கும். பாரம் கூடினால் குளிர், குளிர் கீழே இருக்க வேண்டும் என்பதற்காக. நான் முதலில் இதைக் கவனிக்காமல், பனியுகத்தில் கடல் கொதித்தது என்ற பொருள் வரும்படி ஒரு படத்தைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் அழித்தேன். சரியாகப் போட்டால் வாள்பல் போல வரும். நடுநடுவே ஏற்றத்தாழ்வுகளுடன் 90,000 வருட அளவு இறக்கம், பிறகு 10,000 வருட அளவில் கிடுகிடுவென்று ஏற்றம். கடைசி ஏற்றம் ஏறக்குறைய 19,000 வருடங்களுக்கு முன்னர் தொடங்கியது. அதன் நடுவில், 12,900 முதல் 11,700 வரை, வட அத்திலாந்திக்கில் மீண்டும் ஒரு குளிர்த் திருப்பம். பிள்ளைகள் அதைக் கை நழுவிய கோடு என்று நினைத்து அழித்து நேராக்குவார்கள். அழிக்க விடாதீர்கள்.

பாடம் முடிந்ததும் எண்ணெய்ப் போத்தல்களை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நான் ஒருமுறை தேங்காய் எண்ணெயை வகுப்பில் விட்டுவந்து, அன்றிரவு பனியுகத்தைப் பற்றி மனைவியிடம் நெடுநேரம் விளக்க வேண்டியிருந்தது.